கற்பனைப் பேஸ்பாலில் இடம் நிரப்பும் மட்டையாளர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் மார்ச்சு மாதம் பிறந்தவுடன் ஊர்தோறும் ஒரு விநோதமான ஏலம் நிகழ்கின்றது. வீட்டுக் கூடங்களிலும், அலுவலகங்களின் பின்னறைகளிலும், இக்காலத்திற் பெரும்பாலும் கணினித் திரைகளின் முன்னும் பத்துப் பன்னிருவர் கூடிப் பேஸ்பால் ஆட்டக்காரரை ஒருவர்பின் ஒருவராக விலைகூறி எடுத்துக்கொள்கின்றனர். விலைபோகும் ஆட்டக்காரர் இதனை அறியார். அவர் தம் உண்மைச் சங்கத்திற்காகவே மைதானத்தில் ஆடுவார். அவர் ஆடிப்பெறும் எண்ணிக்கைகள் மட்டும் ஏலத்தில் எடுத்தவரின் பெயரில் வரவு வைக்கப்படும். ஆறு திங்கள் கழிந்தபின் எவருடைய கணக்கு மேலோங்கி நிற்கின்றதோ அவரே வென்றவராவர். இவ்விளையாட்டை அந்நாட்டார் பேண்டஸி பேஸ்பால் என்பர். நாம் கற்பனைப் பேஸ்பால் என வழங்குவோம்.

இவ்வேலத்தில் முதலில் எடுக்கப்படும் பெருவீரரைப்பற்றிப் பேசுவார் பலர். கடைசியில், களைப்பு மிகுந்து, காப்பியும் ஆறிப்போன வேளையில், வெற்றிடங்களை நிரப்புவதற்கென ஒரு டாலருக்கு எடுக்கப்படும் மட்டையாளரைப்பற்றிப் பேசுவார் சிலரே. ‘யாரையேனும் போட்டு நிரப்புக’ என்பதே பெரும்பாலாரது மனநிலை. அஃது எத்துணைத் தவறு என்பதைக் கணக்காற் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விளையாட்டின் பிறப்பில் நம்போன்ற கல்லூரியாருக்கு ஒரு பங்குண்டு என்பதை முதற்கண் சொல்லுதல் வேண்டும். 1960ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த வில்லியம் காம்ஸன் என்னும் சமூகவியல் ஆசிரியர், ஆட்டக்காரரின் ஆண்டிறுதிக் கணக்கை வைத்துத் தம் நண்பருடன் ஒரு போட்டி தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பேஸ்பால் செமினார்’ என்பது. ஆசிரியர்களின் வேடிக்கைக்கும் வகுப்பறை வாசனை நீங்காது போலும்! பின்னர் அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் செல்ல, விளையாட்டும் உடன் சென்றது. ஆங்கு ஆசிரியராயிருந்த ராபர்ட் ஸ்க்லார் வாயிலாக இதனைக் கேட்டறிந்த மாணவர் டேனியல் ஓக்ரெண்ட் என்பார். இவரே பிற்காலத்தில் விதிகளைத் திருத்தி விரிவாக்கி, 1980ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரிலே தம் நண்பருடன் முதற்போட்டியை நடத்தியவர். அவர்கள் கூடிப் பேசிய பிரெஞ்சு உணவு விடுதியின் பெயரால் இம்முறைக்கு ‘ரோட்டிஸரி’ என்னும் பெயர் நிலைத்தது. விளையாட்டைப் படைத்த ஓக்ரெண்ட் அதில் ஒருமுறையும் வென்றிலர் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனி விதிகளைச் சுருங்கக் கூறுவோம். ஒவ்வோர் அணிக்கும் 260 டாலர் கணக்கிற்கென வழங்கப்படும். அதனைக்கொண்டு 23 ஆட்டக்காரரை எடுத்தல் வேண்டும். அவருள் மட்டையாளர் 14 பேர், பந்தெறிவோர் 9 பேர். எவ்வளவு குறைந்த விலையாயினும் ஒரு டாலருக்குக் குறையலாகாது. சிலர் உண்மைப் பணத்தையும் பந்தயமாக வைப்பர். அதனை நாம் ஆதரிப்பதற்கில்லை. கணக்கின் சுவை ஒன்றே இவ்விளையாட்டிற்குப் போதும்.

மட்டையாளரை அளக்கும் துறைகள் ஐந்து. மைதான எல்லைக்கு அப்பால் பந்தை அடிக்கும் ஹோம் ரன், தாம் ஓடி முடித்த ஓட்டம், தம் அடியாற் பிறரை ஓடச்செய்து சேர்த்துத்தந்த ஓட்டம், பந்தெறிவோர் கண்ணயர்ந்த நேரத்தில் அடுத்த தளத்திற்கு ஓடிச்சேரும் தளத்திருட்டு, சராசரி என்பனவே அவை. பன்னிரண்டு அணிகள் போட்டியிடின், ஒவ்வொரு துறையிலும் முதலணிக்குப் 12 புள்ளி, கடையணிக்கு 1 புள்ளி. ஈண்டுச் சராசரி என்பதைக் கிரிக்கெட்டிற் போலக் கொள்ளலாகாது. கிரிக்கெட்டில் ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்கின்றோம். பேஸ்பாலிலோ நன்கு அடித்துத் தளம் சேர்ந்த தடவைகளை மட்டைபிடித்த வாய்ப்புகளால் வகுக்கின்றனர். நூறு வாய்ப்புகளில் 27 முறை வெற்றியாக அடித்தவருக்குச் சராசரி 0.270 ஆகும். 2024ஆம் ஆண்டில் பெரிய லீக்குகள் முழுமைக்கும் சராசரி 0.243 மட்டுமே.

மேற்கூறிய ஐந்தனுள் நான்கு துறைகள் கூட்டற் கணக்கு; ஒன்று வகுத்தற் கணக்கு. இவ்வேறுபாட்டிலேதான் நம் பொருளின் உயிர் உளது. கூட்டற் கணக்கில் ஒருவர் ஒன்றும் செய்யாவிடினும் நமக்கு இழப்பில்லை. பூச்சியத்தைக் கூட்டினால் உள்ளது குறையாதன்றோ? வகுத்தற் கணக்கில் அங்ஙனமன்று. தீயசராசரியுடையார் ஒருவர் ஆடும் ஒவ்வொரு நாளும், ஏனைப் பதின்மூவர் ஈட்டியதில் ஒரு துளி கரைந்து போகும். இடம் நிரப்பும் மட்டையாளர் நமக்கு ஆக்கம் தருவதினும், நம் செல்வத்தைக் கெடாமை முதன்மையானது என்பது இதனாற் பெறப்படும்.

ஒரு கணக்கு இடுவோம். நம் அணியின் பதின்மூன்று மட்டையாளரும் தலைக்கு 500 வாய்ப்புப் பெற்று, 0.260 சராசரி உடையராயினர் எனக் கொள்க. மொத்த வாய்ப்பு 6,500, வெற்றியடி 1,690. பதினான்காமவராக 0.210 சராசரியுடைய ஒருவரைச் சேர்க்கின்றோம். அவர் 100 வாய்ப்பே பெறும் உதிரி ஆட்டக்காரராயின் அணியின் சராசரி 0.2592 ஆகும், இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. அவரே நாடோறும் ஆடி 500 வாய்ப்புப் பெறுவாராயின் சராசரி 0.2564க்கு இறங்கிவிடும். மனிதர் ஒருவரே, திறமையும் ஒன்றே. மிகுதியாக ஆடுதலே கேட்டை மிகுவித்தது. பன்னிரண்டு அணிகளும் 0.020 என்னும் சிறிய இடைவெளிக்குள் நிரல்பட நிற்பனவாகக் கொண்டால், ஓரிடத்திற்கும் அடுத்த இடத்திற்கும் உள்ள தூரம் 0.0018 அளவேயாம். ஆதலின் பின்னவராற் போவன இரண்டு இடங்கள்.

கற்பனைக் கணக்கினை விடுத்து உண்மை நிகழ்ச்சி ஒன்றை நோக்குவோம். பால்டிமோர் சங்கத்தைச் சார்ந்த கிறிஸ் டேவிஸ் 2013ஆம் ஆண்டில் 53 ஹோம் ரன்களும், 2015ஆம் ஆண்டில் 47 ஹோம் ரன்களும் அடித்து, அவ்விரு ஆண்டுகளிலும் அமெரிக்கன் லீக்கில் முதல்வராக விளங்கினார். 2018இல் அவர் பெற்ற 470 வாய்ப்புகளில் வெற்றியாக அடித்தவை 79 மட்டுமே, சராசரி 0.168. ஹோம் ரன் 16, சேர்த்துத்தந்த ஓட்டம் 49. நாம் மேலே கண்ட பதின்மூவருடன் இவரைச் சேர்த்தால் அணியின் சராசரி 0.2538 ஆகும். இவருக்கு மாறாக, பெயரறியாத ஓர் உதிரி ஆட்டக்காரரை ஒரு டாலருக்கு எடுத்திருந்தோமென்றும், அவர் 300 வாய்ப்புகளில் 74 முறை வெற்றியாக அடித்து, 8 ஹோம் ரன்னும் 35 ஓட்டமும் சேர்த்தாரென்றும் வைத்துக்கொள்க. இவரைச் சேர்த்த அணியின் சராசரி 0.2594. டேவிஸை எடுத்தவர் எட்டு ஹோம் ரன்களும் பதினான்கு ஓட்டங்களும் மிகுதியாகப் பெற்றார். அவை ஓரிடமோ ஒன்றரையிடமோ உயர்த்தக்கூடும். சராசரியிலோ மூன்றிடம் தாழ்ந்தார். பழம்பெயரின் மயக்கம் செய்யும் வேலை இத்தன்மையது. 2011இல் சிகாகோ வொயிட் ஸாக்ஸ் சங்கத்தில் ஆடிய ஆடம் டன் 415 வாய்ப்புகளில் 66 முறையே அடித்து 0.159 சராசரியில் நின்றதும் இவ்வகையினதே. அவருக்கு முந்தைய ஆண்டில் ஹோம் ரன் 38.

எனவே இடம் நிரப்பத் தேடுவோர், ‘இவர் முன்பு எவ்வளவு அடித்தார்?’ என்பதோடு, ‘இவர் தவறினால் எத்தனை நாள் தவறவிடுவார்கள்?’ என்பதையும் வினவுதல் வேண்டும். பெருஞ்சம்பள ஒப்பந்தமுடைய வீரரை அவருடைய சங்கத்தார் எளிதில் வெளியே இருத்தமாட்டார்கள். சிறுசம்பளக்காரர் இரண்டு வாரம் அடிக்கத் தவறினால் மறுவாரம் சிறிய லீக்கிற்கு அனுப்பப்படுவார். அவருக்கு அது துன்பமே. நம் சராசரிக்கோ அது காவல். சொல்லுதற்குச் சற்றுக் கொடிதாயினும் இவ்விளையாட்டின் உண்மை இதுவே.

இனி, இடம் நிரப்புவோர் எத்தகையராயிருப்பார் என்பது போட்டியின் பரப்பைப் பொறுத்தது. பெரிய லீக்குகள் இரண்டிலும் சேர்ந்து 30 சங்கங்கள் உள்ளன. 2022ஆம் ஆண்டு முதல் இரு லீக்குகளிலும் பந்தெறிவோருக்குப் பதிலாக மட்டைபிடிக்கவென ஒருவர் நியமிக்கப்படுவதால், சங்கமொன்றுக்கு ஒன்பது மட்டையாளராக 270 பேர் நாடோறும் களத்திலிருப்பர். பன்னிரண்டு அணிகள் எடுப்பவர் 12 x 14 = 168 பேர். ஆகவே இரு லீக்குகளையும் கலந்து ஆடும் போட்டியில், இடம் நிரப்புவோரும் நாடோறும் ஆடுவோராகவே கிடைப்பர். எடுக்கப்படாமல் எஞ்சுவோரும் நூற்றுவர் உளர்.

அமெரிக்கன் லீக்கு ஒன்றனையே கொண்டு ஆடும் போட்டியில் நிலைமை தலைகீழாகும். ஆங்குப் பதினைந்து சங்கங்களே. நாடோறும் ஆடுவோர் 135 பேர். வேண்டுவோரோ 168 பேர். முப்பத்துமூன்று இடங்கள் பெஞ்சில் அமர்ந்திருப்போரைக் கொண்டே நிரப்பப்படல் வேண்டும். சங்கத்தின் 26 பேரில் பந்தெறிவோர் பதின்மூவருக்கு மேற்படலாகாது என்பது விதி. பொதுவாகப் பதின்மூவரையே வைத்துக்கொள்வதால், மட்டையாளரும் பதின்மூவராவர். ஆகவே லீக்கு முழுமைக்கும் மட்டையாளர் 195 பேர். அவருள் 168 பேரை ஏலம் விழுங்கிவிட்டால் எஞ்சுவோர் 27 பேர். அவர்களுள்ளும் காயமுற்றாரும் கைசோர்ந்தாரும் பலர். இவ்வேறுபாட்டை உணராது, ஒரு போட்டிக்குச் சொன்ன அறிவுரையை மற்றொன்றிற்கும் பொதுவாக்கிப் பேசுவார் பேச்சைக் கேட்டுக் கெட்டார் மிகப் பலர்.

அவ்வறிவுரைகளுள் ஒன்று, ‘கடைசி இடங்களில் இளைஞரைப் பிடித்துப் போடுக, வாய்த்தால் வாய்க்கட்டும்’ என்பது. கலப்புப் போட்டியில் இது நன்றே. அவ்விளைஞர் ஏப்ரல் மாதம் முழுதும் அடிக்கத் தவறினால் அவரை நீக்கிவிட்டு, வெளியே நிற்கும் நூற்றுவருள் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம், இழப்புச் சிறிது. தனி லீக்குப் போட்டியில் இவ்வறிவுரை கேடு பயக்கும். நீக்கியபின் எடுப்பதற்கு ஆளில்லை. ஆங்கு வேண்டுவது, கிளர்ச்சியூட்டாதவரும், 250 வாய்ப்பேனும் உறுதியாகப் பெறுபவரும், அணியைக் கெடாதவருமான நடுவயதுக்காரரே. அவர் பெயர் சொல்லும்போது ஏல அறையில் எவரும் நிமிர்ந்து பாரார். அதுவே நமக்கு நலம். விலை ஒரு டாலருக்கு மேல் ஏறாது.

இடம் நிரப்புவோரின் சிக்கல் முழுவதும் திரண்டு தோன்றுமிடம் கேட்சர் என்னும் பந்துபிடிப்போர் நிலையாகும். பழைய விதிப்படி ஒவ்வோர் அணிக்கும் கேட்சர் இருவர் வேண்டும். முழங்கால் மடித்துக் குந்தியே ஆட்டம் முழுதும் இருக்கவேண்டியவராதலின் நாடோறும் அவரால் ஆடவியலாது; வாய்ப்புகளும் குறையும். சங்கத்தாரும் அவரை மட்டைக்காக அன்று, பந்துபிடிக்கும் நுட்பத்திற்காகவே பெரும்பாலும் வைத்திருப்பர். ஆதலிற் சராசரி தாழ்ந்திருக்கும். பதினைந்து சங்கங்களில் இருபத்துநால்வர் கேட்சரைத் தேடவேண்டின், ஒன்பதின்மரேனும் இரண்டாம் கேட்சராகவே இருத்தல் தவிர்க்கவொண்ணாது. டாம்பா பே சங்கத்தின் மைக் ஜுனினோ 2021ஆம் ஆண்டில் 0.216 சராசரியுடன் 33 ஹோம் ரன்கள் அடித்தார். அத்தகைய ஹோம் ரன் மழைக்காக அச்சராசரியைப் பொறுத்துக்கொள்ளலாம். அவரே 2019இல் அடித்தவை 9 ஹோம் ரன்கள், சராசரி 0.165. இரண்டாம் கேட்சரை எடுக்கும்போது, 150 வாய்ப்பில் நடுத்தரமாக அடிக்கும் அமைதியான ஒருவரே, 350 வாய்ப்பில் 0.180 அடிப்பவரினும் மேல் என்பது எம் துணிபு.

வேகமுடையாரை எடுத்து இடம் நிரப்புதல் மற்றொரு வழி. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜாரட் டைஸன் என்பார். 2006ஆம் ஆண்டில் சங்கங்கள் இளைஞரைத் தெரிந்தெடுத்தபோது, ஐம்பது சுற்றுகளில் ஐம்பதாவதாகிய இறுதிச் சுற்றிலே கான்ஸஸ் நகரத்துச் சங்கத்தார் இவரை எடுத்தனர். உண்மை வாழ்விலேயே இவர் கடைசியில் இடம் நிரப்ப வந்தவர்! 2014இல் இவர் அடித்த ஹோம் ரன் ஒன்று, தளத்திருட்டு 36, சராசரி 0.269. நாடோறும் ஆடாத ஒருவர், ஒரு துறையில் அணியைப் பல படிகள் உயர்த்தி, சராசரியையும் கெடாமற் காத்தார். ஆயினும் இவ்வழியின் மதிப்பு இப்பொழுது குறைந்துளது. 2023ஆம் ஆண்டில் தளத்தின் அகலத்தை 15 அங்குலத்தினின்று 18 அங்குலமாகப் பெருக்கி, ஓடுவோரைத் தடுக்கப் பந்தெறிவோர் தளத்தை நோக்கி எறியும் தடவைகளுக்கும் வரம்பு கட்டினர். 2022இல் 2,486 ஆயிருந்த தளத்திருட்டு 2023இல் 3,503 ஆக உயர்ந்தது. பலரும் திருடும் ஊரில் ஒரு திருடனுக்குப் பெருமை ஏது?

பல நிலைகளில் நின்று ஆடவல்லாரையும் மறத்தலாகாது. ஹூஸ்டன் சங்கத்தின் மார்வின் கொன்ஸாலஸ் 2016இல் 0.254 சராசரியும் 13 ஹோம் ரன்னும் உடைய எளிய ஆட்டக்காரர். 2017இலோ 0.303 சராசரியும், 23 ஹோம் ரன்னும், சேர்த்துத்தந்த 90 ஓட்டமும் பெற்றார். தளங்காப்போர் நிலைகள் பலவற்றிலும், இடப்புற வெளிமைதானத்திலும் அவர் ஆடியமையால், அணியில் எவர் காயமுற்றாலும் அவரை அவ்விடத்திற்கு நகர்த்தல் கூடிற்று. அடுத்த ஆண்டில் அவர் சராசரி 0.247க்கு இறங்கியது. முந்திய ஆண்டின் புகழை நம்பி விலையேற்றி எடுத்தவர் அவரை இடம் நிரப்பியாகப் பெறவில்லை. பெருவிலைப் பண்டமாகப் பெற்று ஏமாந்தனர்.

சராசரியைத் தாங்குபவர் ஒருவர் கடைசியில் கிடைப்பாராயின் அவரை விடலாகாது. மின்னஸோட்டா சங்கத்திலிருந்த லூயிஸ் அராயெஸ் 2021இல் இரண்டே ஹோம் ரன் அடித்தார், சராசரி 0.294. ‘வெறும் சராசரி’ என்று சிலர் இகழ்வர். மறுவருடம் 547 வாய்ப்புகளில் 173 முறை அடித்து 0.316 பெற்று, அமெரிக்கன் லீக்கின் சராசரிப் பட்டத்தையே வென்றார். ஹோம் ரன் அப்பொழுதும் எட்டே. இவ்வகையினர் ஒருவர் அணியிலிருப்பின், தாழ்ந்த சராசரியும் மிக்க ஹோம் ரன்னும் உடைய மற்றொருவரை அஞ்சாது சேர்க்கலாம்.

ஊரின் நிலமும் கணக்கிற் சேரும். கொலராடோ சங்கத்தார் ஆடும் டென்வர் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,280 அடி உயரத்திலுள்ளது. ஆங்குக் காற்று அடர்த்தி குறைந்தமையால் அடித்த பந்து நெடுந்தூரம் செல்லும். வாரந்தோறும் ஆளை மாற்ற இடந்தரும் போட்டிகளில், கொலராடோவின் எளிய மட்டையாளர் ஒருவரை உள்ளூர் ஆட்டமுள்ள வாரத்தில் மட்டும் சேர்த்து, வெளியூர் வாரத்தில் இருத்திவைப்பர் சிலர். அங்ஙனமே, வலக்கைப் பந்தெறிவோருக்கு எதிராக மட்டும் ஆடவிடப்படும் இடக்கை மட்டையாளரும் நமக்கு உகந்தவர். தமக்கு ஒவ்வாத பந்தெறிவோரை அவர் எதிர்கொள்வது அரிது, ஆதலிற் சராசரி காக்கப்படும். வாய்ப்புக் குறைவு என்னும் குறையை இவ்விடத்துக் குணமெனவே கொள்க.

ஏலத்தின் இறுதிப் பகுதியிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நிரப்பவேண்டிய இடமொன்றுக்கு ஒரு டாலர் வைத்தே தீரவேண்டுமாதலின், ஐந்து இடமும் ஒன்பது டாலரும் உடையவர் ஒருவருக்கு ஐந்து டாலர்வரையே விலைகூறவியலும். ஐந்து இடத்திற்கு ஐந்தே டாலர் உடையவரோ ஒன்றுக்கு மேற் கூறவே இயலாது. பிறர் ‘இரண்டு’ என்ற மாத்திரத்தில் அவர் வாய் அடங்கும். ஆகவே பெருவீரர் ஒருவருக்கு 40 டாலர் கூறுமிடத்து 38இல் நின்றுகொண்டு, அவ்விரண்டு டாலரைக் கடைசி அரைமணி நேரத்திற்கு வைத்திருப்பவரே, எஞ்சிய உதிரி மட்டையாளருள் தாம் குறித்துவைத்தவரைப் பெறுவர். மற்றவர் விட்டுவைத்ததை எடுத்துக்கொள்வர்.